எரியும் கிணறும் எரியாத கிணறும்: போர்க்காலத்தில் எண்ணெய் வயல் அருகே இருப்பவர்களுக்கு

எண்ணெய்க் கிணறு குண்டடிபட்டு எரிகிறது என்றால் எல்லார் கண்ணும் தீப்பிழம்பின் மேல்தான் போகும். அதற்கு மேலே எழும் கரும்புகை பல கிலோமீட்டர் தள்ளியிருப்பவரையும் கலங்கடித்துவிடும். வேலை தெரிந்தவர்கள் முதலில் தேடுவது வேறொன்றை. தலை பெயர்ந்தும் பற்றிக்கொள்ளாமல், எண்ணெயும் வாயுவும் சும்மா பீறிட்டுக்கொண்டிருக்கும் கிணறு எங்கேயாவது இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இரைச்சல் இருக்கும், எண்ணெய்த் தூறல் இருக்கும், தீ மட்டும் இருக்காது. ஆளை உடனே கொல்லக்கூடியது அந்தக் கிணறுதான்.

காரணம் கச்சா எண்ணெய்க்குள் கரைந்து வரும் வாயுக்கள். மீத்தேன், ஈத்தேன், புரொப்பேன், பியூட்டேன் எல்லா வயலிலும் உண்டு. பல வயல்களில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேர்ந்து வரும். கிணறு எரிந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடும் எரிந்து சல்ஃபர் டைஆக்சைடு ஆகிவிடும், தீயின் சூடு அதை மேலே தூக்கிக்கொண்டு போகும். எரியாவிட்டால் அந்த நச்சு வாயு அப்படியே, குளிர்ந்த நிலையில், தரையோடு தரையாகப் படர்ந்து வரும். சல்ஃபர் டைஆக்சைடும் விஷம்தான். ஆனால் அது மூக்கையும் தொண்டையையும் எரித்து ஆளை ஓட வைத்துவிடும். ஹைட்ரஜன் சல்ஃபைடு மூக்கின் உணர்வையே அணைத்துவிடும்.

அதன் அளவுகளை எண்ணெய் வயல் பக்கம் இருக்கும் எவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். பிபிஎம் என்பது காற்றின் பத்து லட்சம் பங்கில் ஒரு பங்கு. ஒரு பிபிஎம்முக்குக் கீழேயே அழுகிய முட்டை நாற்றம் தெரியும். 10 பிபிஎம்மில் வாயுவை அளக்கும் டிடெக்டர் கத்த ஆரம்பிக்க வேண்டும். நீண்ட நேரம் சுவாசித்தால் கண் எரிச்சல், தலைவலி, குமட்டல் எல்லாம் அதற்குக் கீழேயே தொடங்கலாம். 100 பிபிஎம் உயிருக்கு உடனடி ஆபத்து என்று வரையறுக்கப்பட்ட அளவு. அந்த அளவில் சில நிமிடங்களிலேயே மூக்கு மரத்துப்போய் நாற்றம் நின்றுவிடும். 500 பிபிஎம்முக்கு மேல் சில நிமிடங்களில் தள்ளாடி விழுவார்கள். 1000-ஐ நெருங்கினால் ஓரிரு மூச்சிலேயே நினைவு போய், மூச்சும் நின்றுவிடும். ஆகவே 'நாற்றம் போய்விட்டது, வாயு கலைந்துவிட்டது' என்று ஒருவர் சொன்னால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளவே கூடாது. காற்று மாறியிருக்கலாம். மூக்கு செத்திருக்கவும் செய்யலாம். இரண்டையும் பிரித்துச் சொல்ல டிடெக்டர் ஒன்றால்தான் முடியும்.

1991-இல் குவைத்திலிருந்து பின்வாங்கிய ஈராக்கியப் படை 600-க்கும் மேற்பட்ட கிணறுகளுக்குத் தீ வைத்தது. அங்குள்ள புர்கான் எண்ணெய் வயலில் நண்பகலில் விளக்குப் போட்டு வண்டி ஓட்ட வேண்டியிருந்தது. கடைசிக் கிணறு 1991 நவம்பர் 6-ஆம் தேதி மூடப்பட்டது. அந்த மார்ச்சிலேயே அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் குழு அங்கே போய்க் காற்றை அளந்தது. மக்கள் வசிக்கும் இடங்களில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் சல்ஃபர் டைஆக்சைடும் பயந்த அளவுக்கு இல்லை. நுண்துகள்தான் மிக அதிகமாக இருந்தது. இதைக் கேட்டுப் பலர் வியந்தார்கள். ஆனால் பெரும்பாலான கிணறுகள் எரிந்துகொண்டிருந்தன, அந்தச் சூட்டில் புகை கிலோமீட்டர் கணக்கில் மேலே போய்த்தான் பரவியது என்பதை நினைத்தால் இதில் வியக்க ஒன்றுமில்லை. குவைத்தின் அந்தக் கணக்கை எல்லா இடத்துக்கும் பொருத்திப் பார்ப்பதுதான் தவறு.

2016-இல் ஈராக்கின் மோசுலுக்குத் தெற்கே நிலைமை வேறு. கய்யாரா வயலில் ஐஎஸ் ஆயுதக் குழு தீ வைத்த கிணறுகள் 2017-இன் தொடக்க மாதங்கள் வரை எரிந்தன. அவை ஊரை ஒட்டிய கிணறுகள், சில வீடுகளிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே ஆட்டு மந்தைகளின் ரோமம் கரியேறிக் கறுத்துப்போனது. அந்த அக்டோபரில் பக்கத்திலுள்ள மிஷ்ராக் கந்தக ஆலைக்கும் தீ வைத்தார்கள். வெறும் கந்தகம் எரிந்ததால் வந்தது கரும்புகை அல்ல, சல்ஃபர் டைஆக்சைடு மேகம். அது காற்றைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனமானது. எண்ணெய்த் தீயின் சூடு அதற்கு இல்லாததால் தாழ்வாகவே நகர்ந்தது. மூச்சுத்திணறலோடு சிகிச்சைக்கு வந்தவர்கள் ஆயிரம் பேர் அளவில் இருந்தார்கள். இருவர் இறந்தார்கள். புகையின் கறுப்பை வைத்து ஆபத்தை எடைபோட முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

புகையின் நிறத்தைப் பற்றி இன்னொன்று. கறுப்பு என்றால் எண்ணெய் முழுதாக எரியவில்லை, கரித்துகள் நிறைய. வெண்புகை என்றால் கிணற்றிலிருந்து உப்பு நீரும் சேர்ந்து வருகிறது. குவைத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தெரிந்தன. வெண்புகையைப் பார்த்து 'இது வெறும் நீராவி' என்று கீழே போய் நிற்க வேண்டாம்.

குண்டு கீழே போகச் சொல்லும், வாயு மேலே போகச் சொல்லும்

போர்க்காலத்துக்கே உரிய சிக்கல் இது, சாதாரண எண்ணெய் விபத்தில் இது வராது. விமானத் தாக்குதல் என்றால் மக்கள் பங்கருக்கும் நிலவறைக்கும் ஓடுவார்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிட ஏறத்தாழ 1.2 மடங்கு கனம். புரொப்பேன் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. எல்லாம் பள்ளம் தேடி வந்து படிகிற வாயுக்கள். பதுங்குகுழி, வடிகால், கேபிள் போகும் அகழி, வறண்ட ஆற்றுப் படுகை, நிலவறைப் படிக்கட்டின் அடி, இவையெல்லாம் வாயு வந்து தங்கும் இடங்கள்.

கிணறு பீறிடுகிறது என்று தெரிந்த பகுதியில், நிலவறையைக் குண்டு விழும் நேரத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள், இரவு தூங்க அல்ல. டிடெக்டர் இருந்தால் படிக்கட்டின் உச்சியில் மாட்டாமல் கீழே, உட்கார்ந்திருப்பவரின் முக உயரத்தில் மாட்டுங்கள். விளக்கு அணையாமல் எரிகிறதே, காற்று நல்லதுதான் என்று எண்ண வேண்டாம். விளக்கு ஆக்சிஜன் இருக்கிறதா என்பதை மட்டும்தான் சொல்லும். உயிரைக் கொல்லும் அளவு ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும்போதும் அது நன்றாகவே எரியும். மீத்தேன் 5 விழுக்காட்டை எட்டினாலோ, புரொப்பேன் 2 விழுக்காட்டை எட்டினாலோ அந்த விளக்கே கொள்ளி வைத்துவிடும்.

குண்டு ஆபத்து இல்லாத நேரத்தில் சரியான இடம் தரைக்கு மேலே உள்ள தளத்தில், கிணற்றுக்கு எதிர்ப்பக்கம், ஜன்னல் குறைவான உள் அறை. கதவு, ஜன்னல் இடுக்குகளை டேப்பால் ஒட்டுங்கள், கதவடியில் ஈரத் துணியைத் திணியுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன்களை முதலில் நிறுத்த வேண்டும். அவை உள்காற்றை வெளியே தள்ளத் தள்ள, ஒவ்வொரு விரிசல் வழியாகவும் வெளிக்காற்று உள்ளே வரும். ஸ்ப்ளிட் ஏசி அறைக்காற்றையே சுழற்றுவதால் ஓடலாம். ஜன்னல் ஏசியில் வெளிக்காற்றுத் திறப்பு மூடியிருக்கிறதா என்று பாருங்கள். ஏர்கூலர் வெளிக்காற்றை இழுத்துத்தான் வேலை செய்யும், அதைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். தொழிலாளர் முகாம்களில் மையக் குளிரூட்டி இருந்தால் வெளிக்காற்றை உள்ளே விடும் தடுப்புத் தகட்டை (டேம்பர்) மூடச் சொல்லி முன்கூட்டியே பராமரிப்பு ஆளிடம் பேசி வையுங்கள். அந்த நேரத்தில் ஆளைத் தேடி அலைய முடியாது.

ஒட்டிய அறையில் எவ்வளவு நேரம் இருக்கலாம்? ஒருவருக்கு ஒரு சதுர மீட்டர் தரை என்று வைத்தால், வழக்கமான உயரமுள்ள அறையில் சுமார் ஐந்து மணி நேரம் தாங்கும். அதற்குள் அடுப்பு, கரி, மெழுகுவத்தி எதுவும் கூடாது. மின்சாரம் போனால் ஜெனரேட்டரை வராந்தாவிலோ மாடிப்படியின் கீழோ வைக்கிறார்கள். வாயுவுக்குப் பயந்து ஜன்னலை மூடிவிட்டு, ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடை உள்ளே இழுத்துக்கொள்வது போர்க்காலத்தில் திரும்பத் திரும்ப நடக்கிற சாவு. ஜன்னலிலிருந்து 6 மீட்டருக்குக் குறையாத தூரத்தில், திறந்தவெளியில் அதை வைக்க வேண்டும்.

பலரும் மறந்துவிடும் பாதி ஒன்று உண்டு. வெளியே மேகம் கடந்துபோனதும் அறையை உடனே முழுதாகத் திறந்துவிட வேண்டும். உள்ளே மெதுவாகக் கசிந்து சேர்ந்த வாயு மெதுவாகத்தான் வெளியேறும். மூடியே வைத்திருந்தால் வெளியே இருப்பதைவிட உள்ளே அளவு கூடுதலாக நின்றுவிடும்.

எப்போது ஆபத்து கூடும் என்று கேட்டால், இரவின் பிற்பகுதியும் விடியற்காலையும். தரை குளிர்ந்து மேலே சூடான காற்று மூடிபோல் உட்கார்ந்துகொள்ளும், வாயு கலையாது. வெயில் ஏறி காற்று கிளம்பினால்தான் விடுதலை. கடலோர வயல்களில் மாலையிலும் காலையிலும் காற்றுத் திசையே திரும்பிவிடும். பகலில் பாதுகாப்பாக இருந்த முகாம் ராத்திரியில் வாயு வரும் பாதையில் இருக்கலாம். கம்பத்தில் ஒரு துணிப்பட்டை கட்டி, இரவில் தெரியும்படி வைத்தால் போதும், அந்த ஒரு முழத் துணி பல உயிரைக் காக்கும். வாயுவுக்குள் மாட்டிக்கொண்டால் காற்றோடு சேர்ந்து ஓடாதீர்கள், மேகமும் உங்களோடு அதே திசையில்தான் வரும். காற்றுக்குக் குறுக்காக ஓடி மேகத்தின் ஓரத்தைத் தாண்டி, பிறகு காற்று வரும் பக்கமாக, மேட்டை நோக்கிப் போங்கள்.

டிடெக்டரும் மாஸ்க்கும்

நான்கு வாயு டிடெக்டர் என்பது ஹைட்ரஜன் சல்ஃபைடு, கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜன், எரிவாயு ஆகிய நான்கையும் அளக்கும் கைக்கருவி. அதை வாங்கித் தருவதோடு கடமை முடிந்தது என்று நினைக்கும் மேலாளர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. கருவி பொய் சொல்லும் வழிகள் பல.

முதல் வழி, புகைக்குள் நின்றுகொண்டு அதைப் பூஜ்யம் செய்வது. ஆன் செய்ததும் சில கருவிகள் 'சுத்தக் காற்றில் பூஜ்யம் செய்யவா' என்று கேட்கும். கெட்ட காற்றில் சரி என்று அழுத்தினால், அங்கே இருக்கும் விஷ அளவைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் உள்ளதை மட்டும்தான் காட்டும். வாயு வராத இடத்தில் செய்துவிட்டு வாருங்கள்.

இரண்டாவது, எரிவாயு சென்சார். பெரும்பாலும் இது பாசிமணி போன்ற ஒரு சிறு சூடான மணியில் வாயுவை எரித்து அளக்கும் வகை. எரிய ஆக்சிஜன் வேண்டும். கிணற்றுக்கு அருகே வாயு மிக அடர்ந்து ஆக்சிஜனே இல்லாமல் போனால், முள் ஒரு கணம் உச்சிக்குப் போய்விட்டுத் திரும்பப் பூஜ்யத்துக்கு வந்து நிற்கும். குதித்து இறங்கிய எண்ணைப் பார்த்தால் பின்னால் திரும்பி நடங்கள், ஆக்சிஜன் அளவையும் பாருங்கள். சிலிக்கோன் கலந்த கிரீஸ், பாலிஷ் ஸ்ப்ரே இவை அந்த மணியைக் கெடுத்துவிடும். ஹைட்ரஜன் சல்ஃபைடும் நாளடைவில் கெடுக்கும். கெட்ட சென்சாரும் பூஜ்யம்தான் காட்டும், நல்ல காற்றும் பூஜ்யம்தான் காட்டும். அதனால்தான் ஒவ்வொரு நாளும் வேலைக்கு முன் சிறு சிலிண்டரிலிருந்து அளவு தெரிந்த வாயுவை ஊதி, அலாரம் அடிக்கிறதா என்று பார்ப்பது. அதற்கு ஒரு நிமிடம் போதும்.

மூன்றாவது, குழாய் வைத்துப் பள்ளத்தை அளப்பது. சாதா ரப்பர் குழாய் ஹைட்ரஜன் சல்ஃபைடைத் தன்னிலேயே உறிஞ்சி வைத்துக்கொண்டு குறைவாகக் காட்ட வைக்கும். கருவியோடு வரும் குழாயையே பயன்படுத்துங்கள், நீளத்துக்கு ஏற்றபடி சில விநாடிகள் பொறுத்து எண்ணைப் படியுங்கள். கருவியைச் சட்டைப் பைக்குள் போடாமல் காலர் பக்கம், மூக்கிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் மாட்டுங்கள். எரியும் கிணற்றின் இரைச்சலில் அலாரம் கேட்காது. அதிர்வும் மின்னும் விளக்கும் உள்ள கருவிதான் உதவும்.

மாஸ்க் விஷயத்தில் குழப்பம் அதிகம். என்95 கரித்துகளைத் தடுக்கும், முகத்தோடு ஒட்டியிருந்தால் நன்றாகவே தடுக்கும். வாயுவை அது துளியும் தடுக்காது. ஈரத்துணி கரியைக் கொஞ்சம் பிடிக்கும். சல்ஃபர் டைஆக்சைடு நீரில் கரைவதால் அதையும் கொஞ்சம் குறைக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் அதனால் பயனில்லை. ஃபில்டர் டப்பா வைத்த மாஸ்க் அளவு தெரிந்த, குறைந்த செறிவுள்ள இடத்திலிருந்து வெளியேறத்தான். அது ஆக்சிஜனைத் தராது. கிணற்றின் பக்கம் போக வேண்டுமானால் முதுகில் மாட்டும் காற்றுச் சிலிண்டர் ஒன்றே வழி.

அதிலும் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். 6.8 லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தம் என்றால் ஏறத்தாழ 2000 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று வைத்தால் 50 நிமிடம் வர வேண்டும். காற்று தீரப்போகிறது என்று விசில் அடிக்கும் கடைசி 50 பாரைத் தொடாமல் வைத்தால் 40 நிமிடம்தான். சூட்டில், பாரம் தூக்கி, பயத்தோடு மூச்சு வாங்குகிறவர் 60, 70 லிட்டர் இழுப்பார். அவருக்கு 25 நிமிடம் கிடைத்தாலே பெரிது. அதில் திரும்பி வரும் வழிக்கான பங்கும் உண்டு. தாடி இருந்தால் முகக்கவசம் ஒட்டாது, ஓரத்தில் காற்று வீணாகும்.

எண்ணெய்க் குட்டையும் வண்டியும்

எரியாத கிணறு கக்கிய எண்ணெய் தாழ்வான இடத்தில் குட்டையாகத் தேங்கும். குவைத்தில் அப்படி ஏரி ஏரியாகத் தேங்கியது. மேலே மணலும் கரியும் படிந்து ஆடை கட்டிக்கொண்டால் தார்ச்சாலைபோலத் தெரியும். ஏறினால் உள்ளே இறங்கிவிடும். அதன் கீழே கண்ணிவெடியும் வெடிக்காத கிளஸ்டர் குண்டுகளும் மூழ்கிக் கிடக்கலாம். கண்ணிவெடி அகற்றுவோர் கோடு போட்டுக் கொடுத்த பாதையைத் தவிர வேறெங்கும் கால் வைக்கவே கூடாது. தீயின் சூட்டிலேயே பழைய குண்டு வெடிப்பதும் உண்டு.

டீசல் வண்டிக்குத் தீப்பொறி இல்லை, அதனால் வாயுவுக்குள் போகலாம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. வாயு கலந்த காற்றை டீசல் இன்ஜின் இழுத்தால் அந்த வாயுவே எரிபொருளாகிவிடும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும், சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் வேகம் ஏறிக்கொண்டே போய் இன்ஜின் சிதறும். அந்தச் சிதறலே மேகத்தைப் பற்ற வைக்கும். காற்றுக் குழாயை அடைக்கும் வால்வு பொருத்திய வண்டியைத்தான் வயலுக்குள் விடுவார்கள். இன்ஜின் சத்தம் காரணமில்லாமல் ஏறினால் அது வாயுவின் அறிகுறி.

தீயின் சூட்டுக்கும் எல்லை உண்டு. உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோவாட். சுமார் 1.6 கிலோவாட் வரை உரிய உடையோடு தொடர்ந்து நிற்கலாம். 4.7-இல் இரண்டு மூன்று நிமிட வேலை, 6.3-இல் அரை நிமிடம். நெளிதகடு அடித்த தட்டிகளின் பின்னாலிருந்து, மேலே தண்ணீர் பாய்ந்துகொண்டேயிருக்க, தீயணைப்பாளர்கள் நெருங்குவது இதனால்தான்.

ஏன் உடனே அணைப்பதில்லை

'இவ்வளவு பேர் நிற்கிறார்கள், ஏன் எரிய விட்டு வேடிக்கை பார்க்கிறார்கள்' என்ற கேள்வி எப்போதும் வரும். முதலில் சொன்னதுதான் பதில். மூடுவதற்கு எல்லாம் தயாராகும் முன் தீயை அணைத்தால், எரியும் கிணற்றை எரியாத கிணறாக மாற்றிவிடுகிறீர்கள். வாயு பரவும், சிவந்து கிடக்கும் ஒரு இரும்புத் துண்டில் பட்டு மறுபடி பற்றும், இந்த முறை ஆட்கள் நடுவில் நிற்கும்போது. ஆளில்லாத இடத்தில் பீறிடும் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிணற்றை வேண்டுமென்றே பற்ற வைக்கும் முடிவும் இந்தத் துறையில் உண்டு.

ஆகவே வரிசை மாறாது. வெடிபொருள் அகற்றல், பாதை, தண்ணீர். குவைத்தில் எண்ணெயைக் கடலுக்குக் கொண்டுபோன குழாய்களிலேயே கடல்நீரைத் திருப்பி ஓடவிட்டு, கிணற்றுப் பக்கம் வெட்டிய குளங்களில் நிரப்பினார்கள். பிறகு சிதைந்த இரும்பையும், எரிந்து எரிந்து கிணற்று வாயைச் சுற்றிப் பாறையாக இறுகிய கரிமேட்டையும் நீளக்கை இயந்திரத்தால் இழுத்துப்போட வேண்டும். அந்த மேடு இருக்கும்வரை எண்ணெய் நாலா பக்கமும் சிதறும், எடுத்துவிட்டால் நேராக மேலே பாயும். நேராகப் பாயும் கிணற்றைத்தான் அணுக முடியும். உடைந்த வெல்ஹெட்டை, அதாவது கிணற்று வாயில் பொருத்திய வால்வுத் தொகுதியை, மணல் கலந்த உயர் அழுத்த நீரால் அறுப்பார்கள். அதற்குப் பிறகுதான் அணைப்பு: பெரும்பாலும் பல திசையிலிருந்து தண்ணீர், தேவைப்பட்டால் வெடி. ஹங்கேரிக் குழு டாங்கியின் மேல் இரண்டு மிக்-21 விமான இன்ஜின்களைப் பூட்டி, அந்தக் காற்றோடு தண்ணீரை அடித்து அணைத்தது. அணைந்த பின்னும் தண்ணீரை நிறுத்தாமல் தரையைக் குளிர வைத்து, புதிய வால்வை இறக்கி மூடுவார்கள், அல்லது குழாய் வாயில் கூம்பு முனையைச் செருகி, கிணற்றின் அழுத்தத்தை அமுக்கும் அளவுக்குக் கனமான துளையிடல் சேற்றை உள்ளே செலுத்தி அடக்குவார்கள்.

ஆள் விழுந்தால்

வாயுவில் ஒருவர் விழுந்ததைப் பார்த்ததும் ஓடிப்போய்த் தூக்கத்தான் மனம் சொல்லும். சிலிண்டர் இல்லாமல் போகிறவர் இரண்டாவதாக விழுவார், மூன்றாவது ஆள் அவரைத் தூக்கப் போவார். குழியிலும் தொட்டியிலும் ஒரே குடும்பத்தில் மூன்று பேர் சாவது இப்படித்தான். எவ்வளவு கொடுமையாக இருந்தாலும், கவசம் வரும்வரை ஒருவரையும் விடாதீர்கள்.

வெளியே எடுத்ததும் காற்று வரும் பக்கம் கொண்டுபோய், எண்ணெயில் நனைந்த உடையை வெட்டி எடுங்கள். மூச்சில்லை என்றால் வாயோடு வாய் வைத்து ஊதாமல் பையும் முகமூடியும் வைத்து மூச்சுக் கொடுங்கள், ஆக்சிஜன் இருந்தால் முழு அளவில். சீக்கிரம் வெளியே எடுத்து மூச்சுக் கொடுத்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடில் விழுந்தவர் பிழைக்க வாய்ப்பு உண்டு. கண்ணை 15 நிமிடம் சுத்த நீரால் கழுவுங்கள். எழுந்து உட்கார்ந்து 'நான் நல்லாத்தான் இருக்கேன்' என்று சொன்னாலும் மருத்துவக் கண்காணிப்பில் ஒருநாளாவது வைத்திருக்க வேண்டும். நுரையீரலில் நீர் கோப்பது மணிக்கணக்கில் தாமதித்து வரும். சல்ஃபர் டைஆக்சைடு பட்ட ஆஸ்துமாக்காரருக்கு இன்ஹேலர் உடனே வேண்டும், மேகம் கடந்த பின்னும் இழுப்பு தொடரும்.

தோலில் ஒட்டிய கச்சா எண்ணெயைப் பெட்ரோலாலும் மண்ணெண்ணெயாலும் துடைக்காதீர்கள். முதலில் சமையல் எண்ணெய் தடவித் தளர்த்தி, பிறகு சோப்பும் நீரும்.

வீட்டுக்குள் படிந்த கரியை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் மறுபடி மூச்சுக்குள்தான் போகும். மாஸ்க் போட்டுக்கொண்டு ஈரத்துணியால் துடையுங்கள். மாடித் தொட்டியின் மூடியை முன்கூட்டியே மூடி வையுங்கள், புகை நாளில் பெய்யும் மழைநீரைப் பிடிக்க வேண்டாம். கீரையை அந்தச் சமயத்தில் தவிர்த்துவிடுங்கள், கழுவினாலும் இலையின் மடிப்பில் எண்ணெய்க்கரி நிற்கும். கிணறுகள் மூடப்பட்ட பிறகும், நிலவறைக்குள் முதலில் இறங்குவது டிடெக்டராக இருக்கட்டும். கயிற்றில் கட்டி மெதுவாக இறக்கி, ஓரிரு நிமிடம் விட்டு, மேலே இழுத்து, அது பதிவு செய்த உச்ச அளவைப் பாருங்கள்.